கழிமுகத் தட்டைமீனுக்கு லைட் ராட், ரீல் தேர்வு: ஈயத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

பிரிட்டன் கடற்கரைகளில் தூண்டில் போடத் தொடங்கும் பலர் முதலில் வாங்குவது 12, 13 அடி நீளமுள்ள, 4 முதல் 6 அவுன்ஸ் ஈயம் வீசும் பீச்காஸ்டர் ராட். குளிர்காலத்தில் திறந்த கரையில் நின்று, காட் மீனுக்காக நூறு மீட்டர் தாண்டி வீசுவதற்கான ராட் அது. அரைக் கிலோ ஃபிளவுண்டர் என்ற தட்டைமீனைப் பிடிக்க அதைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோனால், மீன் கடித்ததே முனையில் தெரியாது. தெரிந்தாலும் ஈயத்தின் கனத்தில் மீனின் இழுப்பு காணாமல் போய்விடும். ஃபிளவுண்டருக்கு அவ்வளவு தூரம் வீச வேண்டிய தேவையும் இல்லை. பெரும்பாலும் கரையிலிருந்து 20 முதல் 50 மீட்டருக்குள் மேயும் மீன் அது. கடல் ஏற்றம் வரும்போது முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும்.

கடைக்குப் போனதும் எல்லோரும் ராடைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். வரிசை அப்படி இருக்கக்கூடாது. நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் தரையில் தங்குவதற்கு எத்தனை கிராம் ஈயம் வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். அந்த ஈயத்தை வீசும் ராட் அடுத்தது. அந்த ராடைச் சமன் செய்யும் ரீல் கடைசி. இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் பணம் வீணாகிறது.

எந்த மீன், எந்த மாதம்

லைட் ராடுக்கு முதல் மீன் ஃபிளவுண்டர். கழிமுகச் சேறும் மணலும்தான் அதன் இடம். உப்பு குறைந்த தண்ணீரையும் தாங்குவதால் ஆற்றுக்குள்ளும் ஏறும். குளிர்காலக் கடைசியில் முட்டையிடக் கடலுக்கு இறங்கி, வசந்தத்தில் மெலிந்து சதையற்றுத் திரும்பும். சமைக்க நினைப்பவர்கள் அந்த மாதங்களில் பிடிப்பதைத் திரும்ப விட்டுவிடுவது நல்லது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை கொழுத்த மீன் கிடைக்கும். ஒரு கிலோ தேறினால் அது பெரிய ஃபிளவுண்டர்.

முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு வருவது பிளேஸ். சுத்தமான மணலும் சிறு கூழாங்கல்லும் கலந்த தரையை விரும்பும், ஃபிளவுண்டரைவிடச் சற்றுத் தள்ளி நிற்கும். தென்கரையில் வசந்தத்திலிருந்து பார்க்கலாம். டாப் உள்ளங்கை அளவு மீன், குளிர்மாதங்களில் திறந்த கரைகளில் கிடைக்கும். சோல் கோடை இரவுகளுக்கு உரியது, வாய் மிகச் சிறியது. இந்த நான்கையும் ஒரே லைட் ராடில் பிடிக்கலாம், தூண்டில் முள்ளின் அளவை மட்டும் மாற்றினால் போதும்.

லண்டனில் இருப்பவர்களுக்கு ரயிலிலேயே எட்டும் இடம் தேம்ஸ் கழிமுகம். வெஸ்ட் ஹாமிலும் பார்க்கிங்கிலும் நின்று போகும் சவுத்எண்ட் ரயிலில் ஏறினால் லீ, சவுத்எண்ட் கரைகளுக்கு நேரே போய் இறங்கலாம். கேன்வி தீவுக்கு பென்ஃப்ளீட்டில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ரயிலில் போகிறவர்கள் ராடை மடித்தால் எவ்வளவு நீளம் என்பதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு துண்டாகும் 11 அடி ராடைக் கழற்றினாலும் ஐந்தரை அடி இருக்கும். மூன்று துண்டு ராட் நான்கு அடிக்குள் அடங்கும்.

படி 1: உங்கள் இடத்தின் ஈயம்

40, 60, 85, 110 கிராமில் ஒவ்வொரு ஈயம் போதும். யாரிடமாவது ராட் இரவல் வாங்கியோ, கையில் இருக்கும் பழையதைக் கொண்டோ சோதிக்கலாம். முள் கட்டாமல் ஈயத்தை மட்டும் கட்டி, நீரோட்டத்துக்குக் குறுக்கே 30, 40 மீட்டர் வீசுங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் லைனை லேசாக இறுக்கி முனையைப் பாருங்கள்.

முனை தொடர்ந்து துள்ளிக்கொண்டே, லைன் கீழ்நீர் பக்கமாகக் கரைக்கே வந்துவிட்டால் ஈயம் போதாது. ராடைத் தூக்கினாலும் ஈயம் சேற்றில் ஆணியடித்தாற்போல நின்றால் கனம் அதிகம். ராடை அசைக்காதபோது நிற்க வேண்டும், முனையை ஓர் அடி உயர்த்தினால் இடம்பெயர வேண்டும். தட்டைமீனுக்குச் சரியான கனம் அதுதான். காரணம் மீனிடமே இருக்கிறது. ஃபிளவுண்டர் தரையில் படுத்தபடி கண்ணால் தேடும் மீன், அசைவு கண்டால் கிட்ட வரும். ஈயம் அரை மீட்டர் நகரும்போது சேறு சிறு புகையாகக் கிளம்பும், பின்னால் புழு இழுபடும். அதைப் பார்த்துத் தொடர்ந்து வந்து கவ்வும். கம்பி வைத்த ஈயத்தைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டால் இந்த லாபம் முழுக்கப் போய்விடும்.

அமைதியான கழிமுக ஓரங்களிலும் துறைமுகங்களுக்குள்ளும் 30 முதல் 60 கிராம் பெரும்பாலும் போதும். தேம்ஸ் போல நீரோட்டம் பலமான இடத்தில் 60 முதல் 110 வரை தேவைப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் பெரிதாக இருப்பதால், சாதாரண நாளில் 40 கிராமில் நின்ற இடத்துக்கு 80 கிராம் வேண்டியிருக்கலாம். எனவே இரண்டு விதமான நாளிலும் சோதித்துப் பாருங்கள். 110 கிராமும் நிற்கவில்லை என்றால் கனமான ராட் வாங்க ஓடாதீர்கள். நீரோட்டம் தளரும் நேரத்துக்குக் காத்திருங்கள், அல்லது வளைவுக்குப் பின்னால் தண்ணீர் மெதுவாகச் சுழலும் இடத்துக்கு மாறுங்கள். ஃபிளவுண்டரும் அந்த மாதிரி இடத்தில்தான் ஒதுங்கி நிற்கும்.

படி 2: ராட்

ராடின் தண்டில், கைப்பிடிக்கு மேலே, வீசக்கூடிய கனம் எழுதியிருக்கும்: 20–60 கிராம், அல்லது 2–4 அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் 28 கிராம், ஆகவே 2–4 என்பது ஏறக்குறைய 57 முதல் 113 கிராம். இந்த எண்ணில் ஈயம் மட்டும் அடங்காது, இரையும் சேரும். ஒரு பெரிய லக் புழுவோ (கடற்கரை மணலில் தோண்டியெடுக்கும் இரைப்புழு), உரித்த நண்டுத் துண்டோ வைத்த இரண்டு முள் 15, 20 கிராம் எளிதாக வரும். 60 கிராம் உச்சவரம்புள்ள ராடில் 60 கிராம் ஈயமும் இரையும் வைத்து முழு வேகத்தில் வீசினால் அது அளவுமீறிய சுமை. அந்த ராடுக்கு 40 கிராம் ஈயம்தான் நிம்மதியான கனம். கீழ்வரம்பையும் மதிக்க வேண்டும். 4–6 அவுன்ஸ் ராடில் 40 கிராம் கட்டி வீசினால் தண்டு வளையவே வளையாது. வளையாத தண்டு எதையும் தள்ளாது, எவ்வளவு பலமாக வீசினாலும் ஈயம் பாதித் தூரத்தில் விழும்.

உங்கள் ஈயம் 45 கிராமுக்குள் என்றால் 9 முதல் 10 அடி நீளமுள்ள, 20–60 கிராம் ஸ்பின்னிங் ராட். கையில் பிடித்தபடியே மீன்பிடிக்கலாம், ஈயம் தரையில் உருளும் ஒவ்வொரு அசைவும் விரலுக்குத் தெரியும். 60 முதல் 90 கிராம் என்றால் 11 அல்லது பதினொன்றரை அடி, 2–4 அவுன்ஸ் ராட். கடைகளில் பாஸ் ராட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சிறு அலை உள்ள கரையில் நீளம் லைனை நுரைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும், ஸ்டாண்டிலும் வைக்கலாம். ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும் என்பவருக்கு எங்கள் பரிந்துரை தயக்கமில்லாமல் இந்த 11 அடிதான். கழிமுகத்தில் 50 கிராமும் சுமாராக வீசும், கோடையில் பாஸ் மீனுக்கும் உதவும்.

வீட்டில் ஏற்கெனவே நன்னீர் ராட் இருந்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். கார்ப் ராடில் டெஸ்ட் கர்வ், அதாவது முனையைச் செங்கோணமாக வளைக்கத் தேவையான கனம், என்று ஓர் எண் இருக்கும். இரண்டரை பவுண்ட் டெஸ்ட் கர்வ் என்றால் ஏறக்குறைய இரண்டரை அவுன்ஸ், அதாவது 70 கிராம் வரை நன்றாக வீசும் என்று கொள்ளலாம். 12 அடி ஃபீடர் ராட் இன்னும் நல்லது. அதன் மெல்லிய முனை தட்டைமீனின் கடியை மற்ற எந்த ராடையும்விடத் தெளிவாகக் காட்டும். இரண்டுக்கும் ஒரே குறை, நன்னீருக்கான வளையங்களின் கால்கள் உப்பில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தால் பல ஆண்டு ஓடும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோபிக் ராடுகளை, ரீலும் பெட்டியும் சேர்த்து மலிவு விலைக்கு விற்பார்கள். கழிமுகத்துக்கு வேண்டாம். மணல் மூட்டில் புகுந்தால் பாதியில் சிக்கிக்கொண்டு நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. வளையங்களும் எண்ணிக்கையில் குறைவு.

கடையில் பார்க்க வேண்டியவை

உங்கள் ஈயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ராடில் ரீலைப் பொருத்தி, லைனை எல்லா வளையங்களிலும் கோத்து, முனையிலிருந்து ஒரு முழம் கீழே ஈயத்தைத் தொங்கவிடச் சொல்லுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். ராடைக் கிடையாகப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். முனையிலிருந்து ஒரு கால் பங்கு மட்டும் தணிந்து, மீதித் தண்டு நேராக நிற்க வேண்டும். கைப்பிடி வரை வளைந்தால் ராட் மிக மெலிது. முனையே அசையாமல் நின்றால் மிக விறைப்பு. அடுத்து ஒருவரை லைனைப் பிடித்து விரலால் மெதுவாக இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள், முனையில் அது துடிப்பாகத் தெரிய வேண்டும். ஃபிளவுண்டரின் கடி அவ்வளவுதான் இருக்கும்.

பஞ்சு சுற்றிய காதுக்குச்சி ஒன்றை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் சுற்றுங்கள். பஞ்சு நூல் சிக்கினால் பீங்கானில் கீறல் இருக்கிறது, அந்த ராடை வாங்காதீர்கள். பின்னல் லைன் அந்தக் கீறலில் ஓடினால் ஒரே நாளில் நைந்துவிடும். மூட்டைச் செருகி ராடை உதறும்போது டக்கென்று சத்தம் வரக்கூடாது. ஆண் மூட்டு தனியாக நீட்டியிருக்கும் வகை ராடில், இரண்டு துண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிவது பழுதல்ல. தேய்மானத்துக்காக விட்ட இடம் அது, முழுக்க மூடிவிட்டால்தான் மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

படி 3: ரீல்

ஃபிக்ஸட் ஸ்பூல் ரீல்தான், அதாவது லைன் சுற்றிய உருளை (ஸ்பூல்) வீசும்போது சுழலாமல் நிற்கும் ரீல்தான் வாங்க வேண்டும். 9, 10 அடி ராடுக்கு 3000 அல்லது 4000 அளவு, 11 அடிக்கு 4000 அல்லது 5000. இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியின் 4000 இன்னொன்றின் 3000 அளவில் இருக்கும். அதனால் ஸ்பூலில் எழுதியிருக்கும் கொள்ளளவைப் பாருங்கள். 0.30 மி.மீ. தங்கூசி (ஒற்றை இழை நைலான் லைன்) 150 முதல் 200 மீட்டர் கொண்டால் போதும். எடை 250 முதல் 350 கிராமுக்குள் இருக்கட்டும். அரைக் கிலோ சர்ஃப் ரீலை லைட் ராடில் மாட்டினால் கனம் முழுக்கக் கைப்பக்கம் இறங்கி, முனை உணர்வு செத்துவிடும்.

வேகமாகச் சுற்றும் ரீல் தேவையில்லை. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் (ஸ்பூலைச் சுற்றி ஓடும் பாகம்) 5 சுற்று வரும் விகிதம் நல்லது. ஈயத்தோடு சேற்றுப் பாசியையும் இழுக்கும்போது வேக ரீலின் கியர்தான் முதலில் கரகரக்கும். பால்பேரிங் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் மலிவான பத்து பேரிங்கைவிட நல்ல நான்கு மேல். டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக், முன்பக்கம் இருக்கட்டும். கையால் லைனை இழுத்துப் பாருங்கள், திக்கித் திக்கி வராமல் ஒரே சீராக ஓட வேண்டும். பெயில் கம்பியின் (லைனை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பி) உருளை விரலால் தட்டினால் சுழல வேண்டும். சுழலாத உருளை லைனை முறுக்கி, வீசும்போது சிக்கலாக்கும்.

ராடில் ரீலைப் பொருத்தி, ரீலின் கால் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்குங்கள். கிட்டத்தட்ட சமமாக நின்றால் மூன்று மணி நேரம் கையில் பிடிக்கலாம்.

செலவைப் பங்கிடும்போது ராடுக்கு அதிகம் ஒதுக்குங்கள். கடியைக் காட்டுவதும் தூரம் தருவதும் ராட். இந்த மீனுக்கு ரீல் சாதாரணமானதே போதும், உப்புத் தாங்கினால் சரி.

படி 4: லைனும் லீடரும்

புதியவர்களுக்கு 10 முதல் 12 பவுண்ட் தங்கூசி, அதாவது 0.28 முதல் 0.30 மி.மீ. விலை குறைவு, சிப்பியில் உரசினாலும் ஓரளவு தாங்கும், மீன் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்காத நெகிழ்வு உண்டு. 15 பவுண்ட் பின்னல் லைன் இதைவிட மிக மெலிதாக இருப்பதால் நீரோட்டம் அதை அவ்வளவு தள்ளாது. 60 கிராம் வேண்டிய இடத்தில் பல நேரம் 45 கிராமே நிற்கும். கடியும் பளிச்சென்று தெரியும். கல்லும் சிப்பிப் படுகையும் உள்ள இடத்தில் மட்டும் பின்னல் லைனைத் தவிருங்கள்.

எந்த லைனானாலும் முன்னால் தடித்த லீடர் கட்டாயம் வேண்டும். வீசும் வேகத்தில் மெல்லிய லைன் அறுந்தால் ஈயம் குண்டுபோலப் பறக்கும், பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. கணக்கு எளிது: ஒவ்வொரு அவுன்ஸ் ஈயத்துக்கும் 10 பவுண்ட் லீடர். 2 அவுன்ஸுக்கு 20, 3 அவுன்ஸுக்கு 30. நீளம் ராடைப்போல இரண்டு மடங்கு, அதோடு ஸ்பூலில் ஐந்தாறு சுற்று. 11 அடி ராடுக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வரும். முடிச்சு ஸ்பூலின் கீழ்ப்பக்கம் படும்படி சுற்றுங்கள், மேலே இருந்தால் வீசும்போது விரலைக் கிழிக்கும்.

ஸ்பூலின் விளிம்புக்குக் கீழே ஒன்றரை முதல் 2 மி.மீ. விட்டு நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் லைன் விளிம்பில் உரசித் தூரம் குறையும். விளிம்பு வரை நிரப்பினால் சுருள் சுருளாகக் கழன்று விழும். சுற்றும்போது ஈரத் துணியால் லைனைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும், பின்னல் லைனுக்கு இது இன்னும் முக்கியம்.

முள்ளும் கட்டும்

ஃபிளவுண்டருக்கும் பிளேஸுக்கும் நீண்ட தண்டுள்ள அபர்டீன் முள், அளவு 1 அல்லது 2. டாப் மீனுக்கும் சோலுக்கும் 4. நீண்ட தண்டு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. தட்டைமீன் இரையை ஆழமாக விழுங்கும், தண்டு வெளியே தெரிந்தால்தான் மீனைக் காயப்படுத்தாமல் கழற்ற முடியும். முள் கட்டும் கிளை லைன் 12 முதல் 15 பவுண்ட், நீளம் 45 முதல் 60 செ.மீ. முள்ளுக்கு மேலே சில வண்ண மணிகள் கோத்தால் பிளேஸுக்கு நன்றாக வேலை செய்யும். இரைக்கு ராக் புழு (ragworm), லக் புழு. ஃபிளவுண்டருக்கு ஓடு கழற்றும் பருவத்து நண்டுதான் எல்லாவற்றிலும் சிறந்தது.

படி 5: கரையில் அமைப்பது

வீசும் முன் டிராக்கை இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் வீசும் நொடியில் ஸ்பூல் சுழன்று, விரலில் பிடித்த லைன் தோலை வெட்டும். ஈயம் விழுந்ததும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் தளர்ந்த சுருள் உள்ளே போய் அடுத்த வீச்சில் முடிச்சாகும். பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள். 12 பவுண்ட் லைனுக்கு ஒன்றரைக் கிலோ இழுப்பில் லைன் ஓடத் தொடங்கினால் போதும்.

கழிமுகத்தில் ஸ்டாண்டைத் தாழ வையுங்கள், முனையில் காற்று படுவது குறையும். அலையுள்ள கரையில் உயர்த்துங்கள். நிமிடத்துக்கோ இரண்டு நிமிடத்துக்கோ ஒருமுறை ஈயத்தை அரை மீட்டர் இழுத்து நிறுத்துங்கள்.

முனை இரண்டு மூன்று முறை துடித்து அடங்கும். அப்போது உடனே வெட்டி இழுத்தால் பெரும்பாலும் வெறும் முள்தான் வரும். தட்டைமீன் முதலில் இரையின் நுனியைக் கவ்விப் பிறகுதான் உள்ளே இழுக்கும். லைனைச் சற்றுத் தளர்த்தி, 20, 30 விநாடி பொறுங்கள். இரண்டாவது துடிப்போ, லைன் திடீரென்று தொய்வதோ வந்ததும் ராடை மெதுவாக உயர்த்தினால் போதும். அதற்கு மேல் நிமிடக் கணக்கில் காத்திருந்தால் முள் வயிற்றுக்குள் போய்விடும்.

பிளேஸ் 27 செ.மீ., பாஸ் 42 செ.மீ. இவற்றுக்குக் குறைந்தால் கடலில் விட வேண்டும். பாஸுக்குப் பருவமும் எண்ணிக்கையும் அவ்வப்போது மாறுவதால் போகும் முன் பாருங்கள். புழுவுக்கு விலாங்கும் வரும், இங்கிலாந்தில் தூண்டிலில் பிடித்த விலாங்கை வைத்துக்கொள்ளக் கூடாது. சேற்றுத் திட்டுகளில் தனியாக இறங்காதீர்கள். ஏற்றம் பின்பக்கக் கால்வாய்களை முதலில் நிரப்பித் திரும்பும் வழியை அடைத்துவிடும்.

வீடு திரும்பியதும்

ரீலின் டிராக்கை முழுக்க இறுக்கி, அதன் மேல் மெல்லிய நன்னீர்த் தாரை விடுங்கள். தளர்ந்திருந்தால் தண்ணீர் டிராக் வாஷர்களுக்குள் போகும். வாளியில் முக்கவும் கூடாது, குழாயை வேகமாகப் பீய்ச்சவும் கூடாது, இரண்டும் உப்பை உள்ளே தள்ளும். துடைத்துக் காய்ந்ததும் பெயில் உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் வாஷர் நசுங்கி டிராக் திக்கத் தொடங்கும். ராடின் மூட்டை உள்ளும் புறமும் துடைத்து, வளையக் கால்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு, உறையில் போடாமல் ஓர் இரவு நிறுத்திக் காயவிடுங்கள்.